அண்டா

பள்ளத்தூரில் ஐந்து வீட்டுச் சாவி என்னிடம்.
ஒவ்வொன்றும் ஒரு சாண்.
படைப்புக்கு வருகிறோமென்று யாராவது போன் செய்தால்
திறந்து, ஆள் விட்டுப் பெருக்கி, மறுபடி பூட்டுவேன்.

மூன்றாவது வீடு பதினோரு வருசம் மூடிக்கிடந்தது.
பினாங்கிலிருந்து சாத்தப்பன் பேசினார்:
"தண்ணி மட்டும் ஊத்திராதிய.
அம்புட்டும் தேக்கு, ஊறிப்போகும்.
பெருக்கினாப் போதும்."

அதையே சேவுகனிடம் சொன்னேன்.
தண்ணி ஊத்தாத. பெருக்கினாப் போதும்.
இப்போதும் தூக்கத்தில்
அந்த இரண்டு வாக்கியத்தில் தடுக்கி விழுகிறேன்.

இரண்டாங்கட்டின் கடைசி அறை.
பெட்டகத்தைத் திறந்தால்
யாருடைய கல்யாணத்து முறைச்சிட்டையோ
நார்நாராகக் கிழிந்து கூடாகிக் கிடந்தது.
"வெள்ளிக் குடம் ரெ" என்று ஒரு துண்டு.
"வைரத்தோ" என்று இன்னொன்று.
மேலே, கண் திறக்காத ஏழு குட்டிகள்,
உரித்த சின்ன வெங்காயம் போல.

அவன் கொல்லவில்லை.
முறத்தில் ஏந்திப்போய்க் கொல்லையில் விட்டுவந்தான்.
"தாய் தேடும்ல."

பிறகு விளக்குமாறு எடுத்தான்.
துண்டு தலையில் இருந்தது, மூக்கில் இல்லை.
முற்றத்து வெயில் சாய்வாக உள்ளே விழ
தூசி எழுந்து பொன்னாக நின்றது.
அழகாயிருக்கே என்று நானே சொன்னேன்,
வாசலில் நின்றபடி,
காற்றுப்படும் இடத்தில்.

கூலி எழுநூறு. டீ தனி.

பதினேழாம் நாள் காய்ச்சல்.
இடுப்பு விண்டுபோகிற வலி, கண்ணில் ரத்தச் சிவப்பு.
காரைக்குடியில் டெங்கு இல்லை என்றார்கள்.
எலிக்காய்ச்சல் இல்லை, உண்ணிக்காய்ச்சலும் இல்லை.
ஐந்தாம் நாள் மூத்திரம் நின்றது.
சிவகங்கைக்குத் தூக்கிப்போனோம்;
அங்கே ஒரு இயந்திரம்
அவன் சிறுநீரகத்துக்குப் பதிலாள் வேலை பார்த்தது.

டாக்டரம்மா கேட்டார்: பூட்டின இடம் எதையும் சுத்தம் செய்தாரா?
சேவுகன் மனைவி பூமயில் என்னைப் பார்த்தாள்.
சாவி என் இடுப்பில் இருந்தது.

ஹாண்டாவாக இருக்கலாம் என்றார்.
எலிக்கு அதனால் ஒரு குறையும் இல்லையாம்.
தலைமுறையாகக் குடியிருக்கும், தொந்தரவில்லாத குடித்தனம்.
எச்சிலில் கொஞ்சம், மூத்திரத்தில் கொஞ்சம், புழுக்கையில் கொஞ்சம்.
காய்ந்தால் தூசி.
தூசியைக் கிளப்பினால் மூச்சு.
அதற்கு நம்மைத் தெரியாது;
வழி தவறி வந்த வீடு நாம்.
தவறி வந்த இடத்தில்தான் எல்லாவற்றையும் உடைக்கிறது.

ஊர் அதை அண்டா என்று கேட்டுக்கொண்டது.
"அண்டாவுல சீக்கு வருதாம்."
கோயில் அன்னதானத்துக்கு
வாடகை அண்டா வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.
சமையல்காரர் காளையப்பன் புளி போட்டுத் தேய்த்து
தெருவில் கவிழ்த்துவைத்தார், எல்லாரும் பார்க்கட்டுமென்று.
பூமயிலுக்கோ கடையில் மிச்சக் காசைக் கையில் கொடுக்காமல்
பலகையில் வைத்தார்கள்.
ஆளுக்கு ஆள் இது ஒட்டாது என்று டாக்டரம்மா சொன்னதை
வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.
தலையாட்டினார்கள், எட்டி நின்று.

கொண்டுவிற்கக் கப்பலேறினவர்கள் கணக்கெல்லாம்
பேரேட்டில் இருக்கிறது.
அரிசி மூட்டை இடுக்கில் ஏறி, எதிர்க்கரையில் இறங்கி,
திரும்பியும் வந்த எலிகளை
எவர் பற்று எழுதினார், எவர் வரவு வைத்தார்?

ரத்தம் எங்கோ தூரத்துக்குப் போனது.
சேவுகன் வீடு திரும்பி ஒரு மாதம் கழித்துத் தாள் வந்தது:
உறுதி செய்ய இயலவில்லை.
அவ்வளவுதான். கீழே ஒரு முத்திரை.

இன்று நான்காவது வீடு.
கதவு ஜன்னல் எல்லாம் திறந்துபோட்டு
அரைமணி நேரம் தெருவில் நின்றேன்.
மூக்கைக் கட்டி, கையுறை மாட்டி,
ப்ளீச்சிங் கரைத்த தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினேன்.
ஊறட்டும் தேக்கு.
துடைப்பம் தொடவில்லை, துணியால் துடைத்தேன்.
போன் அடித்தது, எடுக்கவில்லை.

சேவுகன் எதிர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான்.
உப்பில்லாக் கஞ்சி, அளந்த தண்ணீர்,
நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது.
வேலைக்கு வரவில்லை, சும்மாதான் வந்தேன் என்றான்.

வெகுநேரம் கழித்துக் கேட்டான்:
"அக்கா, அந்தக் குட்டிக பிழைச்சிருக்குமா?"

வாளியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது.
அதையும் ஊற்றினேன்.